வெயிலில் உட்கார வைக்க நான்கு பேர்

மவுரீனின் கணவர் ராஃபேல் இறந்த காலையில் அவள் பள்ளிக்கூடக் கேன்டீனில் மீகூன் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தாள். முதல் ஓய்வு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து வீட்டுத் தனேஸ்வரி போன் செய்து, "மவுரீன், கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போ. அண்ணன் கூப்பிட்டா கதவத் தெறக்கல," என்றாள்.

ராஃபேல் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அன்று வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு காலில் காலுறையை மாட்டியிருந்தார். இன்னொரு காலுறை கையில் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருந்தார். நெஞ்சுவலி என்று ஒரு நாளும் சொன்னவர் இல்லை.

சடங்குகள் முடிந்து ஜொகூரில் வேலை செய்யும் மகள் வலேரி திரும்பிப் போவதற்கு முன், அம்மாவைக் கட்டாயப்படுத்திக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். மவுரீனுக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது. ரத்தக் கொதிப்பும் இருந்தது. "ஆண்ட்டி, நடக்கணும். நடக்கலேன்னா உங்க வீட்டுக்காரர் போன வழிதான்," என்று தாதி முகத்துக்கு நேரே சொன்னாள். வலேரி அன்றைக்கே ஒரு ஜோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

மவுரீன் அந்தச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அசாம் ஜாவா ஊரில் தங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில், உடம்பும் பெருத்து, தனியாக ஒரு பெண் சுற்றி வந்தால் எல்லா வீட்டு நாயும் குரைக்கத்தான் செய்யும். தனேஸ்வரி ஒரு நாள் தானும் கிளம்பி வந்தாள். அவளுக்கு எடையைக் குறைக்கும் ஆசை. பிறகு மாதா கோயிலில் பழக்கமான பிரெட்ரிக் சேர்ந்தார். எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி பஸ் ஓட்டும் சேது வந்தார். கோலா சிலாங்கூர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் உதுமானின் மனைவி நஜீபாவும் சேர்ந்துகொண்டாள். பள்ளி கேன்டீனுக்கு அவர்கள் கடையிலிருந்து கறிபப் வரும். அப்படிப் பழக்கம்.

சனிக்கிழமை காலையில் ஐந்து பேரும் புக்கிட் மெலாவத்திக் குன்றில் ஏறுவார்கள். உச்சியில் குரங்குகளுக்குக் கடலை போடும் சுற்றுப்பயணிகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார்கள். இறங்கியதும் நேராக நஜீபா கடைக்குப் போய் ரொட்டி சானாயும் தே தாரேக் தேநீரும் சாப்பிடுவார்கள்.

"இதுக்கு நாம வீட்டுலயே படுத்திருக்கலாம் லா," என்பார் சேது ஒவ்வொரு முறையும். சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டி கேட்பார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை ஏதோ விழாவுக்காக மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். பிரெட்ரிக் தான் பிறந்த தோட்டத்துப் பக்கம் நடக்கலாம் என்றார். பெரிய ரோட்டிலிருந்து செம்பனைக்குள் செம்மண் பாதை பிரிந்து போகும். அதன் முடிவில் தோட்டத்தின் மூன்றாவது டிவிஷன். ஒரு காலத்தில் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தமிழர்கள். இப்போது பெரும்பாலும் பங்களாதேஷ் பையன்கள்தான். சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை என்பதால் லயம் வெறிச்சென்று கிடந்தது.

கடைசி வீட்டு வாசலில் ஒரு வயதான பெண் நின்று கையைக் காட்டினார்.

"கொஞ்சம் வந்து ஒரு கை பிடிக்கிறீங்களாய்யா? எங்க வீட்டுக்காரரு கட்டில்லேருந்து சரிஞ்சிட்டாரு. விடியறதுக்கு முன்னயே விழுந்தது. என்னால தூக்க முடியல."

அவர் இராஜம்மா. உள்ளே, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், சிமெண்டுத் தரையில் அவருடைய கணவர் உடையப்பன் கிடந்தார். ஆள் நல்ல உயரம், அகலம். குலை வெட்டும் நீளக் கழியை முப்பது வருடம் பிடித்த தோள்கள். பக்கவாதம் வந்து வலப் பக்கம் விழுந்துவிட்டது. இடக்காலிலும் வலு இல்லை. அந்நியர்கள் அறைக்குள் வருவதைப் பார்த்ததும், "வாங்க, வாங்க, உக்காருங்க," என்றார், தரையில் கிடந்தபடியே.

ஆலையில் கனமான இரும்புகளைத் தூக்கிப் பழகிய பிரெட்ரிக்தான் வழி சொன்னார். கட்டில் விரிப்பை உருட்டி அவருக்கு அடியில் நுழைத்தார்கள். பிரெட்ரிக், சேது, மவுரீன், நஜீபா நான்கு மூலையையும் பிடித்தார்கள். "ஒண்ணு, ரெண்டு," என்று சேது சொல்ல, உடையப்பன் தரையை விட்டு எழுந்தார். தனேஸ்வரி அவர் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

கட்டில் பக்கம் திரும்பும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "தூக்கினது தூக்கிட்டீங்க. அப்படியே வாசல் வரைக்கும் கொண்டு போவ முடியுமா?"

இராஜம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கொண்டு போனார்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணைகளை அண்டக் கொடுத்து வாசலில் உட்கார வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அவர் அந்த அறையை விட்டு வெளியே வந்ததில்லை. காலை வெயில் முகத்தில் விழ, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து எதிரில் இருந்த செம்பனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அந்த மரத்துல குல பழுத்து உதிருது. ஒருத்தனும் வெட்டல," என்றார் கோபமாக.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். ஒரு பக்க வாய்தான் சிரித்தது.

அன்று அவரைத் திரும்பக் கட்டிலில் கிடத்திவிட்டுச் செம்மண் பாதையில் திரும்பி நடந்தார்கள். பெரிய ரோடு கண்ணுக்குத் தெரிந்ததும் நஜீபா கேட்டாள். "அப்ப அடுத்த வாரம் மலைக்கா?"

"மலை அங்கயேதான் இருக்கும்," என்றாள் மவுரீன்.

அதன்பின் சனிக்கிழமை என்றால் மூன்றாவது டிவிஷன்தான். சேதுவும் பிரெட்ரிக்கும் உடையப்பனைக் குளிப்பாட்டுவார்கள். பெண்கள் முன்னால் சட்டையைக் கழற்ற அவருக்குக் கூச்சம் என்பதால், அந்த நேரம் மவுரீனும் மற்றவர்களும் சாக்கடையை வாருவார்கள், புல் வெட்டுவார்கள், தண்ணீர் பிடித்து வைப்பார்கள். கட்டிலைத் துடைத்துக் காய வைப்பார்கள். பிறகு நான்கு பேராகத் தூக்கி வாசலில் வைப்பார்கள். சேது அவருக்குச் சவரம் செய்து, கண்ணாடியைக் காட்டுவார். "மாப்ள மாதிரி இருக்கேன்," என்பார் உடையப்பன். "பொண்ணு வீட்டுக்காரங்கதான் யாரும் வரல."

வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருப்பார். மவுரீனைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். ராஃபேலை அவருக்குத் தெரிந்திருந்தது. "அந்த லோரிக்கு நான் குல ஏத்தியிருக்கேன். ஹாரன் அடிக்காம வளைவுல திரும்ப மாட்டாரு. நல்ல மனுசன்," என்று ஒரு நாள் சொன்னார். ராஃபேலைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்றை வேறு யாரும் அதுவரை சொன்னதில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அந்த ஹாரனை நினைத்துக்கொண்டே நடந்தாள்.

அவளுக்கு இனிப்பு நீர் இறங்கியது. கிளினிக்கில் தாதி, "என்ன ஆண்ட்டி செய்றீங்க?" என்று ஆச்சரியப்பட்டாள். சப்பாத்து தேய்ந்துபோய் மவுரீன் வேறு வாங்கினாள். வெள்ளிக்கிழமை இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

செய்தி பரவியது. தனேஸ்வரி வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினாள். ஜெராமிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். சுங்கை பஞ்சாங்கிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து, பெரிய ரோட்டில் காரை நிறுத்திவிட்டு மற்றவர்களோடு நடந்தது. ஒரு கடைக்காரர் மஞ்சள் டி-சட்டை அடித்துக் கொடுத்தார். ஒரு கட்டத்தில் லயத்து வாசலில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். தூக்கும் வேலைக்கு முறை போட்டுக்கொண்டார்கள். உடையப்பனுக்குத்தான் கொஞ்சம் திகைப்பு. "கல்யாண வீடு மாதிரியில்ல இருக்கு," என்று இராஜம்மாவிடம் சொன்னாராம்.

எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். தனேஸ்வரியும் எடுத்தாள். எடுத்ததை ஃபேஸ்புக்கில் போட்டாள். அவள் தப்பான எண்ணத்தில் போடவில்லை. நாலு பேர் பார்த்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள் என்று நினைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. உடையப்பனின் மகன் தீபன் ஈப்போவிலிருந்து வந்திருந்தான். விடிய விடிய ஓட்டி வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"இதுல மவுரீன் யாரு?"

"நான்தான் தம்பி."

அவன் போனை நீட்டினான். படத்தில் உடையப்பன் சட்டையில்லாமல் விரிப்பில் தொங்கிக்கொண்டிருந்தார். வாய் கோணியிருந்தது. இடுப்புத் துணி விலகியிருந்தது. சுற்றிலும் நான்கு மஞ்சள் சட்டைகள் கேமராவைப் பார்த்துச் சிரித்தன. கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள். பெத்த பிள்ளைகள் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று இன்னொருவர்.

"ஆண்ட்டி, இதுல எங்கப்பா மொகத்தப் பாத்தீங்களா?"

"அழிக்கச் சொல்லிடறேன் தம்பி. இப்பவே."

"என்கூட ஃபேக்டரியில வேல செய்றவன் கொண்டாந்து காட்டுறான். இது உங்கப்பாவாடான்னு கேக்குறான். நான் என்ன சொல்றது? ரெண்டு ஷிஃப்ட் வேல செய்றேன். வீட்டுல சின்னப் பிள்ளைங்க. மாசா மாசம் வந்துட்டுத்தான் இருக்கேன்."

தனேஸ்வரி மவுரீனுக்குப் பின்னால் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க செய்றது நல்லதுதான். இல்லேன்னு சொல்லல. ஆனா இனிமே வேணாம் ஆண்ட்டி. எங்கப்பாவ நானே பாத்துக்கறேன்."

அவன் உள்ளே போய், அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தனியாகத் தூக்கப் பார்த்தான். உடையப்பன் பாதி எழுந்து சரிந்தார். திரும்பவும் தூக்கினான். மூன்றாவது முறை அவரே, "விடுடா, இடுப்பு போயிடும்," என்றார். தீபன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். யாரும் அருகில் போகத் துணியவில்லை. சற்று நேரத்தில் மஞ்சள் சட்டைகள் ஒவ்வொன்றாகச் செம்மண் பாதையில் திரும்பிப் போயின.

மவுரீன் கடைசியாகக் கிளம்பினாள். இராஜம்மா பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்தார். "அவன் சொன்னத மனசுல வச்சுக்காத ஆயி. அவன் சாயங்காலம் போயிடுவான். நீங்க வந்துருங்க."

படத்தை ஃபேஸ்புக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் ஆட்களுக்கு மனம் விட்டுப்போனது. "நல்லது செய்யப் போயும் பேச்சு வாங்கணுமா?" என்று ஜெராம் பெண் ஒருத்தி குழுவில் எழுதினாள். அதற்குப் பலர் கட்டைவிரலைக் காட்டினார்கள். அடுத்த வாரம் பாதிக்கும் குறைவானவர்களே வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மழை. தனேஸ்வரி வெட்கத்தால் அந்தப் பக்கமே வருவதில்லை. அவள் வேறொரு இடம் பார்த்துக்கொண்டாள். டவுன் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சும்பா நடன வகுப்பு தொடங்கியிருந்தது. ஏர்கோன் உண்டு, பாட்டு உண்டு. மஞ்சள் சட்டை போட்டவர்கள் மெல்ல மெல்ல அங்கே போனார்கள்.

பழைய நான்கு பேர் மிஞ்சினார்கள். நான்கு பேர் போதும் என்று மவுரீன் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பிறகு பிரெட்ரிக்குக்கு முதுகில் எலும்பு நழுவியது. கனம் தூக்கினால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேது, பள்ளி பஸ் வருமானம் போதாமல், சனி ஞாயிறில் கல்யாணக் கூட்டம் ஏற்றிப் போகும் வேலையை ஒத்துக்கொண்டார். நோன்பு மாதம் வந்தது. நஜீபா நோன்போடும் இரண்டு வாரம் வந்தாள். பிறகு உதுமானுக்குக் கடையில் வேலையாள் நின்றுவிட்டதால் வர முடியவில்லை. நோன்பு முடிந்த பின்னும் ஆள் கிடைக்கவில்லை. அவள் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவாள். "அண்ணனுக்கு மீன் முள்ள எடுத்துட்டேன்னு சொல்லு," என்பாள். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. யாரையும் மவுரீனால் கோபிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

கேன்டீன் முதலாளியிடம் கேட்டாள், மாதா கோயிலில் பூசை முடிந்து அறிவிப்புச் செய்யச் சொன்னாள், லயத்துப் பங்களாதேஷ் பையன்களிடம் கையால் காட்டிக் கேட்டாள். அவர்களில் இருவர் ஒரு ஞாயிறு வந்து தூக்கினார்கள். அடுத்த வாரம் அவர்களை வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதன்பின் மவுரீன் மட்டும் போனாள். தனியாக நடந்து போய்ச் சாக்கடையை வாரினாள். இராஜம்மாவோடு சேர்ந்து உடையப்பனைப் புரட்டி முதுகைத் துடைத்தாள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, பிறகு உரிந்து புண்ணாகிவிட்டது. கிளினிக்கிலிருந்து மாதம் ஒரு முறை வரும் தாதி, "பொசிஷன் மாத்திக்கிட்டே இருக்கணும், உக்கார வைக்கணும்," என்றாள். இராஜம்மா தலையாட்டினார்.

முதல் சில வாரங்கள் உடையப்பன் கேட்டார். "இன்னிக்கு எத்தன பேரு தங்கச்சி?" பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அவள் வரும் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடப்பார். ஒரு நாள் அவள் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"கோச்சுக்காத தங்கச்சி. ஒண்ணு சொல்றேன். நீங்க யாரும் வராமயே இருந்திருந்தா பழகிப் போயிருக்கும்."

மவுரீன் புதுத் துணியில் மருந்தைத் தடவினாள்.

"அப்பல்லாம் சனிக்கெழமன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. இப்ப வியாழக்கெழமையே ஆரம்பிச்சுடுது. வெளிய வெயிலு எந்த எடத்துல இருக்கும்னு படுத்துக்கிட்டே கணக்குப் போடுறேன்." பிறகு, "ஒன்னச் சொல்லல," என்றார்.

அன்றைக்கு அவள் நடந்து வீடு வந்தது எப்படியென்று அவளுக்கே தெரியாது.

அந்தப் பேச்சுதான் அவளைச் சக்கர நாற்காலி தேடி அலைய வைத்தது. மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில், இறந்துபோன தாயாரின் நாற்காலி ஒன்று கொட்டகையில் கிடந்தது. கேட்டு வாங்கித் துடைத்து எண்ணெய் விட்டாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்த்திவிட்டால் போதும், தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை, இரண்டு பேரால் முடியும் என்று அவள் கணக்குப் போட்டாள். யூடியூப்பில் தாதிகள் செய்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சேதுவின் பழைய வேனில் நாற்காலியை வெள்ளிக்கிழமையே இறக்கி வைத்தார்கள். சனிக்கிழமை காலை அவள் பாதையில் நடந்தபோது நல்ல வெயில்.

"அண்ணே, இன்னிக்கு வெளிய போறோம்."

"யாரு வந்திருக்கா?"

"நானும் அக்காவும்தான். வண்டி இருக்கு."

அவர் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி," என்றார். சட்டை போட்டுவிடச் சொன்னார். இராஜம்மா தலையை வாரிவிட்டார்.

அவரை உட்கார வைக்க முடிந்தது. காலைக் கீழே தொங்கவிட முடிந்தது. மவுரீன் அவர் இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டாள். இராஜம்மா பின்னாலிருந்து தள்ளினார். ஒரு கணம் அவர் எழுந்துகூட நின்றுவிட்டார். அவருடைய முழுக் கனமும் அவள் தோளில் இருந்தது. அவள் திரும்பினாள். அந்த நேரம் நாற்காலி பின்னுக்கு உருண்டது. ஒரு பக்கத்து பிரேக் பிடிக்கவில்லை. தண்ணீர் ஓடுவதற்காக அந்தச் சிமெண்டுத் தரையை வாசலை நோக்கிச் சரிவாகப் போட்டிருந்தார்கள். இருவரும் விழுந்தார்கள். மவுரீன் பக்கவாட்டில் விழுந்தாள். உடையப்பன் இடுப்பு தரையில் மோத விழுந்தார். ஒரு சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றார் அவர் உடனே. முகம் வெளுத்துவிட்டது.

அசைக்கப் பார்த்தபோது அலறினார். மவுரீன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராகப் போன் செய்தாள். தனேஸ்வரி எடுக்கவில்லை. சும்பா வகுப்பில் போனைப் பையில் வைத்துவிடுவார்கள். சேது கல்யாணக் கூட்டத்தோடு தெலுக் இந்தானில் இருந்தார். பிரெட்ரிக் வருகிறேன் என்றார். நஜீபா கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஆனால் டவுனிலிருந்து வரவேண்டும்.

மவுரீன் தரையில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இராஜம்மா வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி," என்றார் உடையப்பன். "வெயிலு நல்லா அடிக்குதா?"

"இல்லண்ணே. மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு இருக்கு."

"அப்ப சரி," என்றார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அவருக்கிருந்த சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அறுவைச் சிகிச்சை தாங்காது என்றார்கள். அப்படியே படுக்கையில் வைத்திருந்ததில் நுரையீரலில் சளி கட்டியது. தீபன் லீவு போட்டுவிட்டு மருத்துவமனை நடையில் கிடந்தான். மவுரீனைப் பார்த்ததும், "எப்படி ஆண்ட்டி விழுந்தாரு?" என்று கேட்டான். நாற்காலியை, பிரேக்கை, தரைச் சரிவை, எதையும் மறைக்காமல் அவள் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி ஆண்ட்டி," என்றான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை.

உடையப்பன் மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் இறந்தார். சாவு வீட்டுக்கு எல்லாரும் வந்தார்கள். ஜெராமிலிருந்து, சுங்கை பஞ்சாங்கிலிருந்து, டவுனிலிருந்து வந்தார்கள். சிலர் மஞ்சள் சட்டை போட்டு வந்து, பிறகு சங்கடப்பட்டு மேலே வேறு சட்டை மாட்டிக்கொண்டார்கள். சவப்பெட்டியைத் தூக்க இத்தனை ஆண்கள் முன்னால் வந்து நின்றதில், யாருக்கு இடம் கொடுப்பது என்று தோட்டத்து ஆட்களுக்குத் தெரியவில்லை. மவுரீன் செம்பனையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நஜீபா அவள் முதுகில் கை வைத்தபடி நின்றாள். நல்ல மழை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தீபன் அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போய்விட்டான். தோட்டத்து நிர்வாகம் கடைசி வீட்டின் கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டது.

மவுரீன் நடப்பதை நிறுத்திவிட்டாள். கேன்டீனுக்குப் போவாள், வருவாள், படுப்பாள். விழுந்ததில் அவள் தோளிலும் அடிபட்டிருந்தது. பெரிய சட்டியை இப்போது அவளால் இறக்க முடிவதில்லை. வீட்டுக் கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் மெத்தை போட்டுக்கொண்டாள். விடுமுறைக்கு வந்த வலேரி, "ஏம்மா இப்படி?" என்று கேட்டபோது, கீழே படுத்தால் முதுகுக்கு நல்லது என்றாள். தன் உடம்பும் கனமான உடம்பு, விழுந்தால் தூக்க வீட்டில் ஆள் இல்லை என்பதை மகளிடம் அவள் சொல்லவில்லை. கிளினிக்கில் தாதி அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மாத்திரையைக் கூட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை தனேஸ்வரி வலுக்கட்டாயமாக அவளைச் சும்பா வகுப்புக்கு அழைத்துப் போனாள். மேடையில் ஒரு பெண் ஆடிக் காட்ட, எல்லாரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி ஆடினார்கள். பாதிப் பேரை மவுரீனுக்குத் தெரியும். எல்லாருக்கும் நல்ல பலமான கைகள். அவள் கொஞ்ச நேரம் ஆடினாள். பிறகு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். தனேஸ்வரி துண்டால் கழுத்தைத் துடைத்தபடி பின்னாலேயே வந்தாள்.

"நீ இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்க. நாம என்ன டாக்டரா, நர்ஸா? நம்மளால முடிஞ்சதச் செஞ்சோம்."

"நாலு பேரு வந்திருந்தாப் போதும் தனேஸ்."

தனேஸ்வரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே பாட்டு மாறியது.

"அந்தப் போட்டோவ நெனச்சு நான் எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா ஒனக்கு?" என்றாள். "சரி. நான் வந்திருந்தாலும் எத்தன வருசத்துக்கு மவுரீன்? வாரா வாரம், எத்தன வருசத்துக்கு?"

மவுரீன் யோசித்தாள். அவர் இருக்கும் வரைக்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையைச் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். தனேஸ்வரி உள்ளே போனாள்.

போன மாதம் இராஜம்மா ஈப்போவிலிருந்து போன் செய்தார். மகன் வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. படியிறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மருமகள் நல்லவள், சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றார். ஜன்னலில் நின்றால் எதிர் ஃப்ளாட்டுச் சுவர் தெரியுமாம்.

"கீழ போயி எவ்ளோ நாளாச்சுக்கா?"

"வந்த பொறவு ஒரு தரம் போனேன், கண்ணு பாக்கற ஆஸ்பத்திரிக்கு." பிறகு இராஜம்மா கேட்டார். "இந்தப் பக்கமெல்லாம் உங்கள மாதிரி நடக்கறவங்க யாரும் இல்ல போலிருக்கு ஆயி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கல்லாம் இப்ப எங்க போறீங்க, சனிக்கெழமையில?"

"எங்கயும் போறதில்லக்கா."

"ஏன்? ஒடம்புக்கு நடக்கணுமே."

"நடக்கணும்," என்றாள் மவுரீன்.

அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் கேட்டது. யாரோ போனைக் கேட்டார்கள் போலிருக்கிறது. சரி ஆயி, வைக்கிறேன், ஒடம்பப் பாத்துக்க என்று இராஜம்மா அவசரமாகச் சொன்னார். உடனே இணைப்பு துண்டிக்கப்பட்டது. மவுரீன் திரும்ப அழைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.